தூசியா, நூலா

மீன்தொட்டிக் கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத்தான் அவள் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே கையை விடவில்லை. காய்ந்த துணியை அழுத்தி இழுத்தால் கீச்சென்று சத்தம் வரும். கட்டிலில் படுத்திருக்கும் மனிதருக்கு அந்தச் சத்தம் போதும்.

"தேய்க்கிறியா?" என்று கேட்டார் அவர்.

"தேய்ச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எப்படி வருது?"

"மாவு மாதிரி வருதுங்க. துணியில அப்படியே ஒட்டிக்குது."

துணி வெளுத்து மடித்து வைத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தாள். பொய்க்கும் ஒரு கைப்பழக்கம் உண்டு. பதினெட்டு நாளில் அது அவளுக்கு நன்றாகவே வந்திருந்தது.

தொட்டி நாலடி நீளம். கூடத்தில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. உப்புத்தண்ணீர்த் தொட்டி; மூன்று வருடமாக அவர் பிள்ளை மாதிரி வளர்த்தது. பிரிட்ஜ் மெக்கானிக்காக இருந்தவர், கை சும்மா இருக்காது. உப்பை அளந்து கரைப்பார், பம்ப்பைக் கழற்றி மாட்டுவார், ஒரே பொந்துக்கு அடித்துக்கொள்ளும் இரண்டு ஆரஞ்சு மீன்களுக்கு மாமியார், மருமகள் என்று பேர் வைத்து பஞ்சாயத்தும் பண்ணுவார். அப்புறம் சர்க்கரை கண்ணுக்கு வந்தது, கண்ணிலிருந்து கிட்னிக்குப் போனது. ஆஸ்பத்திரியில் இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று அனுப்பியதும், கட்டிலைத் தொட்டிக்கு எதிரே போடச் சொன்னார். உருவம் எதுவும் அவருக்குத் தெரியாது. வெளிச்சம் தெரியும், இருட்டு தெரியும். தொட்டியின் நீலம் ஒரு புகை மாதிரி தெரியும் என்பார்.

மணலில் பழுப்பு படிந்த அன்றைக்கு அவள்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் போய்ச் சொன்னாள். சொன்னதும் மனிதருக்கு எங்கிருந்தோ தெம்பு வந்துவிட்டது. தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்து பாடம் எடுத்தார்.

"உப்புத்தண்ணியில பழுப்பா பாசி வந்தா மூணு பேர்ல ஒருத்தன்தான். தூசி, படலம், நூல். தூசின்னா விரலால தடவினா மாவா வந்துடும். படலம்னா பாலாடை மாதிரி உரிஞ்சு வரும், கொஞ்சம் செவப்பு கலந்திருக்கும். நூல்னா சளி. மூக்குச்சளி மாதிரி இழுபடும், நுனியில குட்டிக் குட்டியா குமிழி நிக்கும். அதுக்கு இன்னொரு குணம் இருக்கு. ராத்திரி லைட் அணைஞ்சா மணல்ல காணாம போயிடும், மதியத்துக்குள்ள திரும்ப வந்து உட்காந்துக்கும். காலையில லைட் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாரு, மதியம் ஒரு தடவை பாரு. பார்த்துட்டு எனக்குச் சொல்லு. உன் கண்ணுக்குத் தப்புமா, செக்கிங்கு?"

செக்கிங் என்பது அவர் அவளுக்கு வைத்த பேர். சட்டை தைக்கும் கம்பெனியில் பத்தொன்பது வருடமாகச் செக்கிங் பிரிவில் இருந்தாள். காலரில் ஒரு தையல் தாண்டியிருந்தாலும், கடுகளவு எண்ணெய் பட்டிருந்தாலும் அவள் கையைத் தாண்டி அந்தச் சட்டை பெட்டிக்குள் போகாது. அவளுடைய கண்ணை அவர் அப்படி நம்பினார்.

"நூலா இருந்தா என்ன பண்ணணும்?" என்று அன்றைக்குக் கேட்டாள்.

"அது பெரிய வேலை. மூணு நாள் தொட்டியைக் கறுப்புத்துணி போட்டு இறுக்கி மூடணும், ஒரு பொட்டு வெளிச்சம் போகக்கூடாது. அதுக்கு முன்னாடி டியூப் போட்டு நூலையெல்லாம் உறிஞ்சு, துணியில வடிகட்டி, அந்தத் தண்ணியையே திரும்ப ஊத்தணும். ஒரு வாரத்துக்குக் காலையும் மாலையும் செய்யணும். தூசின்னா ஒண்ணும் வேண்டாம், தானா போயிடும்."

மறுநாள் காலை பார்த்தாள். மணல் சுத்தமாக இருந்தது. மதியம் பார்த்தாள்; மணல் முழுக்கப் பழுப்பு நூல், நுனிக்கு நுனி குமிழி. சந்தேகத்துக்கு இடமே இல்லை. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து இரண்டு முறை விரிப்பு மாற்றியிருந்தாள், ஒரு முறை அவரைப் புரட்டிக் கழுவியிருந்தாள், இடுப்பு கழன்றுவிடும் போல இருந்தது. அடுப்பில் வைத்த டீயை இரண்டு தடவை சூடுபண்ணியும் ஒரு வாய் குடிக்க முடியவில்லை. மூன்றாவது தடவையாகச் சூடுபண்ணி டம்ளரைக் கையில் எடுத்தபோதுதான் அவர் கூப்பிட்டார்.

"பார்த்தியா? தூசியா, நூலா?"

"தூசிதாங்க."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொல்லிவிட்டு டீயைக் குடித்தாள். நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் அவர் விடுகிற ஆளா. "மூணு வருசத் தொட்டியில தூசி எப்படி வரும்? அது புதுத் தொட்டிக்குத்தானே வரும்?" என்று பிடித்துக்கொண்டார். அவளும் சளைக்கவில்லை. "வடிகட்டின தண்ணி தீர்ந்துபோச்சுங்க. உங்ககிட்ட சொன்னா திட்டுவீங்கன்னு போன வாரம் ஒரு பக்கெட் குழாய்த் தண்ணியைக் கலந்துட்டேன்" என்றாள். செய்யாத தப்பை ஒத்துக்கொண்டு செய்த தப்பை மறைத்தாள். "அதான் பார்த்தேன்" என்று அவர் சிரித்தார்.

அதற்கப்புறம் தினமும் இதே கதைதான். குறைஞ்சிருக்கா, கூடியிருக்கா. அவளுக்கு எரிச்சலாக வந்தது. தொட்டிக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்கிற வாய், உனக்கு இடுப்பு எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை கேட்கவில்லை. அந்த எரிச்சலில் பொய் இன்னும் சுலபமாக வந்தது. அந்த நூலில் என்ன விஷமோ, பாசி மேய அவர் தொட்டியில் விட்டிருந்த எட்டு நத்தைகளும் ஒவ்வொன்றாகச் செத்தன. கரண்டியால் எடுத்துப் பேப்பரில் சுற்றிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வந்து, "நத்தை நாலு கண்ணாடி மேல ஏறுது, மீதி பாறைக்குப் பின்னாடி இருக்கு" என்று சொன்னாள். எட்டும் போன பிறகும் அவள் பேச்சில் நாலு நத்தை கண்ணாடி மேலேயே ஏறிக்கொண்டிருந்தன.

இன்றைக்கு அவள் துடைத்து முடித்தபோது அவர் குரல் மிகவும் தேய்ந்திருந்தது.

"மொத்தமா போயிடுச்சா?"

"சுத்தமா போயிடுச்சுங்க."

"நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் அடுப்படிக்குப் போய் டீ போட்டாள். அவருக்கு இரண்டு ஸ்பூன் ஊட்டலாம் என்று ஆற்றிக்கொண்டே திரும்பி வந்தபோது மனிதர் இல்லை. நெஞ்சு ஏறி இறங்கவில்லை. மூக்குக்கு நேரே கையை வைத்துப் பார்த்தாள், தோளைத் தொட்டுக் கூப்பிட்டாள், அப்புறம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். டம்ளர் கையில் சுட்டுக்கொண்டே இருந்தது.

பதினோரு மணிக்கெல்லாம் கூடம் நிரம்பிவிட்டது. எதிர்வீட்டு அம்மாதான் எல்லோருக்கும் போன் போட்டாள். நாத்தனார் வாசலிலேயே செருப்பைக்கூடக் கழற்றாமல் அழுதுகொண்டு வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"குழந்தை மாதிரி பார்த்துக்கிட்டீங்களே அண்ணி. அண்ணனுக்கு உடம்புல ஒரு புண் இல்ல. வேற யாரா இருந்தாலும் இப்படிப் பார்த்திருக்க மாட்டாங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தார்கள். அவள் மனசெல்லாம் தொட்டியில் இருந்தது. யாரோ ஒருவர், "இதென்ன, இப்படிப் பாசி புடிச்சுக் கிடக்கு?" என்று மெதுவாகக் கேட்டது காதில் விழுந்தது. உடனே எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துத் தொட்டிக்கு முன்னால் போட்டு, அதை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முகம் கழுவ வா என்று கூப்பிட்டார்கள், போகவில்லை. உள்ளே வந்து கொஞ்சம் படு என்றார்கள், அதற்கும் போகவில்லை. நாலடித் தொட்டியை ஒரு முதுகால் எவ்வளவு மறைக்க முடியும்? ஆனாலும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவரை விட்டு ஒரு நிமிஷம் நகர மாட்டேன் என்கிறாள் பாருங்கள் என்று நாத்தனார் வந்தவர்களிடம் சொன்னாள்.

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் மதியம் பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். அப்பாவின் காலடியில் வெகுநேரம் உட்கார்ந்து அழுதுவிட்டு, நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்து அம்மாவின் மடியில் கையை வைத்தாள். அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

இரண்டு மணிக்குப் பல் டாக்டர் வந்தார். அவரும் வீட்டில் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பவர். அவள் புருஷனுக்கு இருந்த ஒரே சிநேகிதம். இரண்டு பேரும் போனில் மணிக்கணக்காக மீன் வம்பு பேசுவார்கள். உடலுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். அப்புறம் நிமிர்ந்து அவள் தலைக்கு மேலாகத் தொட்டியைப் பார்த்தார். இந்த ஆளை எந்த முதுகாலும் ஏமாற்ற முடியாது. வாயைத் திறந்து கேட்கப்போகிறார், எல்லோருக்கும் தெரியப்போகிறது என்று காத்திருந்தாள்.

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"சிஸ்டர், ஒரு விஷயம் சொல்லணும். பத்து நாள் முன்னாடி நான் வந்தேன்ல. நீங்க மருந்துக்கடைக்குப் போயிருந்தீங்க."

"எதிர்வீட்டம்மா சொன்னாங்க."

"அன்னைக்கே தொட்டியைப் பார்த்துட்டேன். ஒரு சொட்டு எடுத்துட்டுப் போய் கிளினிக்ல மைக்ரோஸ்கோப்புல வெச்சா, பொடிப் பொடியா ஏதோ உயிர் பம்பரம் மாதிரி சுத்துது. நூல்தான். அப்பவே அவருக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். சிரிச்சார். 'நீ சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்யா. பத்தொன்பது வருசம் சட்டையில குத்தம் கண்டுபிடிச்சவளுக்கு இது தெரியாதா? தெரிஞ்சுதான் தூசின்னு சொல்றா'ன்னார்."

அவளுக்குக் காது மடல் சுட்டது. மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"'நூல்னு சொன்னா தொட்டியை மூடணும். எனக்குன்னு மிச்சம் இருக்கறது இந்த நீல வெளிச்சம் ஒண்ணுதான். மூணு நாள் அதையும் எடுத்துட்டு என்னை இருட்டுல போட அவளுக்கு மனசு வரல. அதுக்காகக் குழாய்த் தண்ணி ஊத்துனேன்னு பழியைத் தன் தலையில போட்டுக்கிறா பாரு. நீ ஒண்ணும் கேட்டுடாத. தினமும் நான் கேக்கறேன், அவளும் சொல்றா, கேக்க நல்லா இருக்கு'ன்னார்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இவ்வளவு வருசத்துல உங்களைப் பத்தி அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்ல சிஸ்டர்."

பின்னால் நின்ற நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அவள் குரலெடுத்து அழ, என்னவென்று மற்றவர்கள் கேட்க, கூடத்திலிருந்து வராந்தாவுக்கும் வராந்தாவிலிருந்து மாடிப்படிக்கும் கதை போய்விட்டது.

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நீல வெளிச்சம். அவள் அதை நினைக்கவே இல்லை. பதினெட்டு நாளில் ஒரு நொடி, ஒரு பேச்சுக்குக்கூட அது அவள் மனசில் வரவில்லை. பாதியாவது வந்திருந்தால் பாதியாவது ஏற்றுக்கொள்ளலாம். ஒரு டம்ளர் டீக்காகச் சொன்ன பொய்யை அந்த மனிதர் எடுத்துத் துடைத்து, இஸ்திரி போட்டு, பிரியம் என்று பேர் வைத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். தினமும் அவர் கேட்டது தொட்டியைப் பற்றியே இல்லை. அவள் எரிச்சலோடு துணியை இழுத்த சத்தத்தை அவர் எப்படிக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார் என்று நினைத்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

நாத்தனாரின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்படியெல்லாம் இல்ல. எனக்கு அலுப்பா இருந்துச்சு. மூடுறது, உறிஞ்சுறதெல்லாம் யாரு செய்யறதுன்னுதான் தூசின்னு சொன்னேன்."

"பாருங்க, இப்பவும் தன்னைக் கொறைச்சுத்தான் பேசுறாங்க" என்றாள் நாத்தனார், பக்கத்தில் இருந்தவர்களிடம்.

"நிஜமாத்தான் சொல்றேன். டீ ஆறிடும்னு..."

"டீயா? காலையிலேர்ந்து ஒண்ணும் குடிக்கலையே நீங்க. ஏம்மா, அண்ணிக்கு ஒரு டீ போட்டுக் கொண்டாங்க."

டீ வந்தது. அவள் தொடவில்லை. டாக்டரிடம் திரும்பினாள். "நான் வெளிச்சத்தை நினைக்கல டாக்டர்" என்றாள். அவர் ஊசி போட்டு வாய் மரத்துப்போன ஆளிடம் பேசுவது போல மெதுவாகப் பேசினார்.

"இந்த மாதிரி நேரத்துல எல்லாருக்கும் தான் ஏதோ தப்பு பண்ணிட்ட மாதிரிதான் தோணும் சிஸ்டர். மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க."

நாலு மணிக்கு வண்டி வந்தது. தூக்குவதற்கு முன்னால், ஏதாவது சொல்லணும்னா சொல்லிடுங்க என்று யாரோ அவளை முன்னே விட்டார்கள். குனிந்தாள். சுற்றிலும் அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு, அந்தப் பிரியமான வார்த்தையைக் கேட்கக் காத்திருந்தார்கள். அவள் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்துவிட்டு விலகிக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது பகல் வெளிச்சம் இன்னும் போகவில்லை. ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். நாத்தனார் குளித்துவிட்டு உள்ளறையில் போய் அப்படியே தூங்கிவிட்டாள். கட்டிலை யாரோ பிரித்து வராந்தாவில் சாத்தியிருந்தார்கள். அந்த இடம் காலியாகக் கிடந்தது.

மகள் அடுப்படியில் நின்று தன் புருஷனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "அம்மா ஒரு வார்த்தை வெளிய சொல்லலைங்க. அப்பாவுக்கு வெளிச்சம் இருக்கட்டும்னு... அப்பாவும் தெரிஞ்சும் கேக்கலையாம். இப்படியெல்லாம் இருந்திருக்காங்க ரெண்டு பேரும்" என்றாள். துக்கத்துக்கு நடுவிலும் அந்தக் குரலில் ஒரு பெருமை இருந்தது.

பேசி முடித்துவிட்டு வந்து அம்மாவை ஒட்டித் தரையில் உட்கார்ந்து தோளில் கையைப் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு இது போதும்மா" என்றாள். "சின்ன வயசுலேர்ந்து நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுத்தான் பார்த்திருக்கேன். எனக்காகத்தான் சேர்ந்து இருக்காங்கன்னு நினைச்சுப்பேன். இன்னைக்குத்தான் நிம்மதியா இருக்கு."

சும்மா இருந்துவிடலாம். ஊரே நம்பிவிட்டது, போன மனிதரே நம்பிவிட்டுப் போய்விட்டார். வாயை மூடிக்கொண்டால் இந்தக் கை தோளிலேயே இருக்கும். மகள் இதைத் தன் பிள்ளைகளுக்கும் சொல்வாள். அவர்கள் கல்யாணத்துக்குக்கூடச் சொல்வாள். ஒவ்வொரு தடவையும் இவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்ள வேண்டும்.

"அன்னைக்குச் செவ்வாய்க்கிழமை" என்று ஆரம்பித்தாள். "ரெண்டு தடவை விரிப்பு மாத்தினேன். உங்கப்பா மேல அவ்வளவு கோவம். டீ டம்ளர் கையில இருந்துச்சு. நூல்னு சொன்னா உடனே எழுந்து வேலையை ஆரம்பிக்கணும். அதனால தூசின்னேன். வெளிச்சத்தைப் பத்தி டாக்டர் சொல்ற வரைக்கும் நான் நினைக்கவே இல்ல."

"அம்மா, நீ சும்மா..."

"கேளு. தினமும் துடைக்கிறேன்னு சொல்லி வெளிப்பக்கக் கண்ணாடியைத் துடைச்சேன். சத்தம் கேக்கட்டும்னு. நத்தை எட்டும் செத்துப்போச்சு. குப்பையில போட்டுட்டு வந்து, நல்லா இருக்குன்னு சொன்னேன். ஒரு நாள் சிரிப்புகூட வந்துச்சு எனக்கு."

அத்தையைப் போல மகள் தட்டிவிடவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அவள் நம்புவது தெரிந்தது.

"அப்பா கடைசியா கேட்டப்பவும்?"

"அப்பவும்."

மகள் தோளில் இருந்த கையை எடுத்துக்கொண்டாள். அதை என்ன செய்வதென்று தெரியாதவள் போலத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தெருவில் ஏதோ ஒரு வண்டி நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போனது. ரொம்ப நேரம் கழித்து எழுந்து, தொட்டியின் முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்தாள்.

"எது தூசி, எது நூலுன்னு எனக்குத் தெரியல" என்றாள், திரும்பாமலே. "காட்டு."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இடுப்பைத் தாங்கியபடி மகளுக்குப் பக்கத்தில் மண்டிபோட்டாள். கண்ணாடியில் விரலை வைத்தாள்.

"நுனியில குமிழி நிக்குது பாரு. இது நூல்" என்றாள். "இதுவும். இதோ, இதுவும்."

தொட்டியின் நீளத்துக்கும் விரல் நகர்ந்துகொண்டே போனது. மகளும் குந்தியபடியே கூட நகர்ந்தாள்.